விழிஞ்ஞத்தில் நிறுத்திய வெடி

1943 அக்டோபர் 4, திங்கள்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். கல்லூரிக்குள் யுத்தத்துக்காக வைத்திருக்கும் எங்கள் ஒலி ஆராய்ச்சிக்கூடத்தில் சுவரெல்லாம் கயிற்றுப்பாய் அடிக்கிறார்கள். வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது.

நோட்டீஸ்: வெள்ளியன்று ராணுவ டாக்டர் வருகிறார். கடலடிச் சத்தம் கேட்கும் வேலையில் உள்ள எல்லோருக்கும் காதுப் பரிசோதனை.  எனக்கு இடது காது மந்தமாகி ஒரு மாதம். யாருக்கும் தெரியாது. வீட்டில் மனைவி மீனாட்சிக்கும்.

5, செவ்வாய்

எல்லோரும் சாப்பிடப் போனதும் பாய் அறையில் தனியாக, கைக்கடிகாரத்தோடு. வலது: ஒரு முழம் தள்ளியும் டிக் டிக். இடது: ஒட்டி வைத்தும் ஒன்றுமில்லை. சில சமயம் அதுவாகவே 'டொக்' என்கிறது. அப்பாவுக்கு நாற்பதில் காது போயிற்று. எனக்கு முப்பத்தெட்டு.

ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்க: பெருங்காயம், விளக்குத்திரி.

6, புதன்

விழிஞ்ஞம். கரையில் ஓலைக் கொட்டகை. கடலுக்கடியில் இறக்கிய ஹைட்ரோபோன் கேட்பதை இங்கே ஹெட்போனில் நாங்கள் கேட்க வேண்டும். பத்து மணிக்கு நீருக்கடியில் வெடி. யாரும் மீன்பிடிக்கப் போகக்கூடாதென்று நேற்றே தமுக்கு அடித்தாயிற்று.

பத்துக்கு ஐந்து நிமிஷம். மழை கடலை மறைத்துவிட்டது. காவல் மேடையிலிருந்து போன்: கடல் காலி. அப்போது, டொக்... டொக். கட்டைமேல் கட்டை. கடலா, என் காதா? பக்கத்தில் இன்னொரு ஹெட்போனோடு கோபாலன் நாயர். "இந்த மழை இரைச்சல்ல எனக்கு ஒண்ணும் கேக்கலையே சாமி."

"நிறுத்துங்கோ!" கத்திவிட்டேன்.

எங்கள் வெள்ளைக்காரக் கேப்டன் துரை நிச்சயமா என்றார். நிச்சயம் என்றேன். நிச்சயம் இல்லை.

பார்த்துவர ஒரு படகு போயிற்று. அரை மணி. துரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தாலும் தேவலை.

கடைசியில் மழைக்குள்ளிருந்து படகு, பின்னால் ஒரு கட்டுமரம். அந்தோணி என்று ஒருவர், கூட அவர் தம்பி. வெளியூர் போயிருந்ததால் தமுக்கு தெரியாதாம். துடுப்பால் கட்டையைத் தட்டி மீனை வலைக்கு விரட்டியிருக்கிறார்கள். வெடிக்கு இருபது கஜம்கூட இல்லை.

கரையேறியதும் அந்தோணி என்மேல்தான் பாய்ந்தார். "மீன் வந்து கேறுன நேரம் படகுக்காரங்க வலையெ அறுத்துப் போட்டு இழுத்துட்டு வந்துட்டாங்களே! நிங்ஙளுக்கு என்னத்தெ தெரியும் சாரே?"

திட்டட்டும். உயிரோடு நின்று திட்டுகிறார். கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

8, வெள்ளி

நேற்று எழுதவில்லை. டாக்டர் தொடும் முன்பே, துரை முன்னாலேயே சொல்லிவிட்டேன். இடது காது போய்விட்டது, மறைத்தேன், வலதும் கைவிட்டிருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும். இனி குமாஸ்தா மேஜைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் மதுரைக்காரர். விளக்கடித்துப் பார்த்தார். "ஏங்க, இம்புட்டு அழுக்கை எப்படிச் சேத்து வச்சிருந்தீங்க?" வெந்நீர், பீச்சுகுழல். கொட்டைப் பாக்கு அளவில் ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் இடது காதில் கேட்டது!

துரை சிரிக்கவில்லை. மறைத்தது தப்பு என்றார். பிறகு கை குலுக்கினார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மீனாட்சிக்கு அழுகையும் சிரிப்பும். "இதுக்கா ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிண்டிருந்தேள்? எம்மேல என்னமோ கோபம்னுன்னா நெனச்சேன்!"

9, சனி

விழிஞ்ஞம். தெளிந்த வானம். முதலில் இரண்டு படகு சுற்றி வந்தது. ஒன்றில் அந்தோணி, துரை கேட்டுக்கொண்டதால் வந்தாராம். அவர் காலி என்று கை காட்டிய பிறகே வெடி. வெடிக்கும்போது ஹெட்போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க மறந்துவிட்டேன். காது வலிக்கிறது. இரண்டும்.