ஐந்தாவது சரணம்

என் சாம்ராஜ்யத்தின் ஒரே வாரிசான மருமகளே,

"தனியா என்ன பண்றீங்க மாமா, இங்க வந்துடுங்க" என்கிறாய். உன் அத்தை கண்மூடியபின் இந்த வீட்டில் என் இருமலுக்கு எதிரொலிதான் துணை. ஆனாலும் நான் லுத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் சக்கரவர்த்தி.

போன ஞாயிறு சக்கரவர்த்தி கணக்குத் தவறிவிட்டார். ஆராதனையில் பாடிய ஞானப்பாட்டுக்கு நான்கே சரணம். நான் ஐந்தாவதும் தொடங்கிவிட்டேன். கடலே வற்றியதுபோல் சபையார் பாட்டு நின்றுவிட்டது. நிறுத்தவும் தெரியாமல் தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போது முன்வரிசைத் தையல்காரம்மா முதல் சரணத்தையே மறுபடி பாட ஆரம்பித்தார். கூரை பறக்க எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில், "அடுத்த வாரம் ஆறு சரணமா, ஐயா?" என்று அந்தத் தையல்காரம்மா கேட்டார்.

அதனால் வரமாட்டேன், கண்ணு. ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு ஆள் இருக்கிறது. மற்ற ஆறு நாளும் நீ போன் பண்ணு.

உன் மாமா