ஒப்பிட ஒரு பிள்ளை

பெக்கான் நானாஸ்,
சனிக்கிழமை.

என் அன்புக் கணவருக்கு,

ஷாமளா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். பிந்துலுவில் உங்கள் முதுகுவலி குறைந்ததா? போனில் சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் கூப்பிட்டாலே பிள்ளைகள் இருவரும் என் மேல் ஏறிக்கொள்கிறார்கள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே வேலைக்குத் திரும்பும் வேலு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மூத்தவள் லோஷினியைப் பார்க்கும் டாக்டரம்மா, அவளைப் போல கவனமும் நிற்காமல் உடம்பும் அடங்காத ஏடிஎச்டி பிள்ளைகளின் இரத்தத்தை ஆராய்கிறார். ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று ஒன்றாம். பரீட்சை டென்ஷன் போல என்று நினைத்தேன். இல்லையாம், ஆக்சிஜனிலிருந்தே உண்டாகும் ஏதோ ஒன்று உடம்பின் உயிரணுக்களைக் கெடுக்குமாம், இரும்பில் துரு ஏறுகிற மாதிரி. அதனாலதான் இவ இப்படி ஆடுறாளா டாக்டர் என்று கேட்டேன். அது இன்னும் யாருக்கும் சரியா தெரியாதும்மா, அதுக்குத்தான் பார்க்கிறோம் என்றார். டாக்டருக்கே தெரியாததை நான் என்னவென்று புரிந்துகொள்வது? அந்தத் துருவுக்குப் பழம் கொடுத்தால் நல்லது என்று பக்கத்து வீட்டு மெலிசா சொன்னாள். பயத்தில் அன்னாசியாக வெட்டிக் கொடுத்து, பிள்ளைக்கு நாக்கு புண்ணானதுதான் மிச்சம்.

ஒப்பிட்டுப் பார்க்க, இந்தத் தொந்தரவு இல்லாத பிள்ளைகளும் வேண்டுமாம். நம்ம தேன்மொழி இருக்காளே, இருக்கிற இடமே தெரியாது என்று பெருமையாகச் சொல்லி, சின்னவளையும் அழைத்துப் போனேன். இரத்தம் எடுக்கும் முன் என்னிடமும் அவள் டீச்சரிடமும் என்னென்னவோ கேட்டார்கள். பிறகு டாக்டரம்மா, இவள அதுல சேர்க்க முடியாதும்மா, இவளுக்கும் அதேதான் போல, முழுசா பார்க்கணும் என்றார். சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாலும் கவனம் நிற்காத வகை ஒன்று உண்டாம்.

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அடங்கி உட்கார்ந்தால் நல்ல பிள்ளை என்றுதானே நினைத்தோம்? இப்போது யாரைக் காட்டி யாரைத் திட்டுவது? நான் வளர்த்ததில் கோளாறா? அதெல்லாம் இல்லை என்கிறார் டாக்டரம்மா. மனசு கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது தேன்மொழி அழுதாள். நானும் அக்கா மாதிரி ஆயிட்டேனாம்மா என்று கேட்டாள். முன் சீட்டில் இருந்த லோஷினி திரும்பவே இல்லை. வீடு வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

போனில் ஒவ்வொரு முறையும் லோஷினியிடம், தங்கச்சிய பார்த்துக் கத்துக்கோ என்பீர்கள். குறை சொல்லவில்லை, நாளைக்கு நாலு தடவை நானும் சொல்கிறவள்தான். இனி அதை மட்டும் சொல்லாதீர்கள். வேறு என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், சாப்பிட்டியா என்று கேளுங்கள். லோஷினியை முதலில் கேளுங்கள்.

முருகன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். முடிந்தால் அடுத்த மாதம் ஒரு வாரமாவது வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள்,
ஷாமளா