அல்லிநங்கையின் ஏட்டை எந்தக் கயிற்றில் கோப்பது என்பது பற்றிப் பவழத்துறைக்கு விடுத்த ஓலை

மண் விளைக. மழை முறை தவறாதிருக்க. எழுதிய சொல்லுக்கு எழுதியவரே பொறுப்பாகுக.

வடக்கே வெண்குன்றமும் தெற்கே உப்பங்கழியும் எல்லையாக, இடைப்பட்ட நிலமெல்லாம் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், பகைவர் அஞ்சும் தோளும் புலவர் அஞ்சாத முகமும் உடையவருமான மாமன்னர் நன்முடிக்கோ அவர்களின் திருவுள்ளப்படி, அவர்தம் ஓலைநாயகம் ஆதன் அழகனார் எழுதுவித்த ஓலை. பவழத்துறையின் துறைத்தலைவர் கோடன் சாத்தனார் காண்க. தங்கள் துறையில் அலை அடங்குக. தங்கள் இல்லத்தில் நலம் நிறைக. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று அரசர் நம்புகிறார். இங்கே தலைநகரில் அனைவரும் நலம். பல்லோர் ஏடகத்தார் மட்டும் வழக்கம்போல ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார்கள்.

செய்தியும் அந்த ஏடகத்தைப் பற்றியதே. எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த எவரும் அதனுள் நுழைந்து பிறர் வாழ்வை எழுதலாம், எழுதியதை வேறொருவர் திருத்தலாம் என்று அரசரின் பாட்டனார் வகுத்தது தாங்கள் அறிந்ததே. கட்டுப்பாடு மிகச் சில. ஒவ்வொரு செய்திக்கும் சான்று காட்டி ஏட்டின் ஓரத்தில் நூல்முடிச்சு ஒன்று இடவேண்டும். கல்வெட்டு இருந்தால் அதுவே போதும். இல்லையேல் உறவினரல்லாத இருவர் சொல் வேண்டும். தன் வாழ்வுக்குத் தானே சான்று கூறலாகாது. சொன்னவர் சொல்லைச் செப்பம் செய்யாமல் சொன்னபடியே எழுதவேண்டும். முடிந்த ஏட்டை அதற்குரிய கயிற்றில் கோக்கவேண்டும். மருத்துவர்க்கு ஒரு கயிறு, வீரர்க்கு ஒரு கயிறு, பெருங்கலம் செலுத்தும் நீகான்களுக்கு ஒரு கயிறு, கடற்கொள்ளையருக்கும் ஒரு கயிறு. நாட்டில் ஆள் தேடுவோர் கயிற்றைப் பார்த்தே ஆளைத் தேர்கிறார்கள். ஆகவே கயிறு மாறினால் பிழைப்பும் மாறும்.

இந்தக் கயிறுகளுக்கெல்லாம் காவலர் வெண்கூத்தனார். மனைவி சமைத்த குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறது என்று தம் நாக்கே சொன்னாலும் இரண்டாவது ஆளைக் கேட்டு உறுதி செய்துகொள்பவர். நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். அவர் முன் சென்ற மாதம் தங்கள் துறையைச் சேர்ந்த அல்லிநங்கை வந்து நின்றாள். செம்பொன்தீவுக்குச் செல்லும் அரச கலங்களுக்கு நீகான்களைத் தேர்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தன் ஏடு சரியாகக் கோக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வந்தவள் அவள். ஏடு கடற்கொள்ளையர் கயிற்றில் தொங்கியது. அதற்கு இடப்பக்கம் கழுவேறியவன் ஒருவன், வலப்பக்கம் சிறையிலிருந்து ஓடிப்போனவன் ஒருவன். புயலடித்த நாளில் வணிகக் கலமொன்றில் ஏறி அதைப் பறித்துக்கொண்டாள் என்று ஏடு சொன்னது.

“நான் உசுரோடதானே நிக்கிறேன்? என்னையே கேளுங்களேன்” என்றாள் அல்லிநங்கை. வெண்கூத்தனார் மிகுந்த பணிவோடு, தாங்கள் இருக்கிறீர்கள் என்பதற்கு வேண்டுமானால் தாங்கள் சான்றாகலாம், தாங்கள் யார் என்பதற்கு ஆகமுடியாது என்று விடை பகர்ந்தார். ஊரில் விசாரிக்கும்படி அவள் வேண்டினாள். விசாரித்தார்கள். பவழத்துறையில் அவளுக்கு அத்தையாகவோ மைத்துனனாகவோ சின்னம்மாவாகவோ அமையாத ஆளைக் காண்பதே அரிதாயிற்று. ஊர் முழுதும் அவள் பக்கம் பேசியது; பேசியவர் யாவரும் உறவினர் என்பதால் ஒரு முடிச்சுகூட விழவில்லை. மாறாக, துறைமுகப் படிக்கட்டின் அருகே நிற்கும் கல்லை வெண்கூத்தனார் சுட்டினார். கலம் பறித்த கொள்ளைக்காரி அல்லிநங்கை என்று அதில் ஆழமாகவே வெட்டியிருக்கிறது. கல் சொன்னபின் மறுபேச்சு ஏது?

அதற்கு அவள், “அந்தக் கல்லத் தாண்டித்தான் என் மக தெனமும் தண்ணிக்குப் போறா” என்றாள். வெண்கூத்தனார் அதையும் அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார். எழுதும்போது எழுத்தாணி வழுக்கியது என்று பின்னர் அரசரிடம் ஒப்புக்கொண்டார்.

இந்நிலையில் இளநாகியார் என்னும் அம்மையார் களத்தில் இறங்கினார். ஏடகத்தில் அதிக ஏடுகள் எழுதியவர் அவரே, அதிகம் வாதாடுபவரும் அவரே. கொள்ளையர் கயிற்றிலிருந்து ஏட்டை அவிழ்த்துப் பெண் நீகான்களுக்கு எனப் புதுக் கயிறு திரித்து அதில் கோக்கவேண்டும் என்றார். சான்றில்லாமல் ஒரு நூலிழையும் அசையாது என்றார் வெண்கூத்தனார். ஏடகம் இரண்டுபட்டது. ஒரு சாரார் எழுதுவதும் மறுசாரார் சுரண்டுவதுமாக அந்த ஏட்டில் எழுத்தைவிடக் கீறல் மிகுந்து, ஓரிடத்தில் மறுபக்கத்து வெளிச்சம் தெரியத் தொடங்கிவிட்டது. இவ்வளவு நடந்தும் இருதரப்பாரும் நண்பகலில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டதை அரசர் வியந்து பாராட்டினார்.

சண்டையை முடித்துவைத்தவள் அல்லிநங்கை. “பொம்பளைக்குன்னு கடல்ல தனிக் காத்தா வீசுது? தனிக் கயித்துல கோத்தீங்கன்னா, ஆள் எடுக்கறவங்க நீகான் கயித்தைப் பாக்கறப்ப நான் அதுல இருக்கமாட்டேனே, அம்மா!” என்று அவள் இளநாகியாரைப் பார்த்துக் கேட்டாள். இளநாகியாரின் முகம் சிவந்தது. ஆனால் அடுத்த நொடியே தாம் திரித்து வைத்திருந்த புதுக் கயிற்றை எடுத்துச்சென்று தம் வீட்டுக் கன்றுக்குக் கட்டிவிட்டார். அந்த ஒரு கேள்வியால் வெண்கூத்தனாருக்கு அவள்மேல் பெருமதிப்பு உண்டாயிற்று. மதிப்பு வேறு, சான்று வேறு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, கல்லையே நேரில் பார்த்துவிடுவதென்று வண்டி கட்டினார்.

கல்லைத் தடவினார், எழுத்தை ஒப்பிட்டார், வெட்டிய கல்தச்சனைத் தேடிப்பிடித்தார். எதன் பேரில் இதை வெட்டினாய் என்று வினவினார். தச்சன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஏடகத்து ஏட்டைப் பாத்துத்தான்யா வெட்டினேன். அதவிடப் பெரிய சான்று எங்க இருக்கு?” என்றான்.

வெண்கூத்தனார் அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ சான்றின்றி எழுதிப்போன ஒரு வரியைத் தச்சன் கல்லில் ஏற்றியிருக்கிறான். பின்னொரு நாள் அந்த வரிக்குச் சான்று எங்கே என்று ஏடகத்தில் கேள்வி எழுந்தபோது, இதோ கல் என்று முடிச்சுப் போட்டது வேறு யாருமல்ல, வெண்கூத்தனாரின் சொந்தக் கைதான். ஏட்டைக் கல் நம்பியது, கல்லை ஏடு நம்பியது, நடுவில் ஒரு பெண்ணின் பிழைப்பு போயிற்று. முதலில் அவமானத்தால் அவருக்கு உடல் கூசியது. பிறகு சிரிப்பு வந்தது. தச்சனும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தானாம்.

திரும்பி வந்தவர் அந்த முடிச்சைத் தாமே அவிழ்த்தார். ஆனால் விதி அத்தோடு விடுவதில்லை. கொள்ளைக்காரி அல்லள் என்றாகிவிட்டதாலேயே நீகான் என்றாகிவிடாது. அதற்கும் இருவர் சொல் வேண்டும். அன்றைய கலத்தின் உடைமையாளரான நாகஞ்செட்டியார் இப்போது தலைநகரில் இருப்பது தெரிந்து அவரை அழைத்தார்கள். காற்று முறுக்கியபோது தம் கலத்தின் நீகான் சுக்கானை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றும், கட்டுமரத்தில் வந்த அல்லிநங்கை கயிறு பற்றி ஏறிச் சுக்கானைப் பிடித்துப் பாறைகளுக்கு நடுவே கலத்தைக் கரைசேர்த்தாள் என்றும் அவர் உரைத்தார். “அவங்க பறிக்கலைங்க, நாங்கதான் கொடுத்தோம். கொடுக்கலேன்னா இன்னிக்கு நான் ஏது?” என்று கண் கலங்கினார். முதல் முடிச்சு விழுந்தது.

அன்று கலத்தில் இருந்த மற்றவர் கடல் கடந்து எங்கெங்கோ போய்விட்டனர். இந்நாட்டில் எஞ்சியிருப்பவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த அந்த நீகான் ஒருவரே. செட்டியார் தயங்கித் தயங்கி அவர் பெயரைச் சொன்னார். வெண்கூத்தனார் அல்லிநங்கையிடம், இப்பெயரை இத்தனை நாள் ஏன் மறைத்தீர் என்று கேட்டார். “பயந்தது ஒரு குத்தமாங்க? அந்தக் காத்துல யாருக்கும் கை நடுங்கும். இப்ப நல்ல பதவில இருக்காரு. பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி அவரு தலைகுனிஞ்சு எனக்கு என்ன ஆகப்போவுது?” என்றாள் அவள். கொள்ளையர் கயிற்றில் தன் பெயர் தொங்க, அதன் கீழே நின்றுகொண்டே சொன்னாள்.

துறைத்தலைவரே, அந்தப் பெயர் தங்களுடையது.

இதைக் கேட்டு அரசர் சினங்கொள்ளவில்லை. இந்நாட்டில் அச்சம் குற்றமன்று என்றார். கரைக்கு வந்து, கொள்ளைக்காரி பறித்தாள் என்று வெட்கத்தில் ஒரு சொல் சொல்லிவிடுவதும் மனித இயல்பே என்றார். அந்தச் சொல் கல்லானபின் தினமும் அதைக் கடந்து அலுவலகம் சென்றது மட்டும் தம் மனத்துக்கு ஒவ்வவில்லை என்றார். தங்கள் பதவிக்கு எந்தக் குறையும் வராது. நீகான் கயிற்றில் உள்ள தங்கள் ஏடும் அங்கேயே இருக்கும்.

ஆணையாவது: இவ்வோலை கண்டவுடன் படிக்கட்டருகே உள்ள கல்லைப் பெயர்த்தெடுக்க. தச்சனைத் தண்டியாது விடுக, நம்பியது அவன் பிழையன்று. இனி எந்தக் கல்லும் ஏட்டைப் பார்த்து வெட்டப்படலாகாது.

அரசர் ஆணையிட முடியாத ஒன்றும் உண்டு, அல்லிநங்கைக்காகத் தாங்கள் மட்டுமே தரக்கூடிய அந்த இரண்டாம் சான்று. வற்புறுத்திப் பெற்ற சொல் சான்றாகாது என்பது ஏடகத்தின் விதி, அவ்விதி அரியணைக்கும் பொருந்தும் என்று வெண்கூத்தனார் அரசவையிலேயே கூறிவிட்டார். ஆகவே தாங்கள் எழுத மறுத்தாலும் தண்டனை இல்லை, கேள்வியும் இல்லை. இவ்வோலையைக் கொண்டுவந்து தங்கள் வாசலில் நிற்பவர் வெண்கூத்தனாரே. அவர் கையில் எழுத்தாணியும் நூலும் இருக்கின்றன. காற்று மேற்கே திரும்பத் தொடங்கிவிட்டது, கலங்கள் காத்திருக்கின்றன.

மாமன்னர் நன்முடிக்கோ அவர்களின் இணைகயல் முத்திரை இங்கே பொறிக்கப்பட்டது. முத்திரைக்குக் கீழே ஓலையில் எழுதாமல் விட்டுள்ள இடம் தங்களுக்கு.