இடது கால் ஷூ

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். பத்திரிகையில் உன் படம் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய். "மக்கிப்போவதுதான் என் கலை" என்ற உன் பேட்டியை அப்பா சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தார். "உங்கம்மா தொட்டதெல்லாம் மக்கும்" என்றார். "அப்ப நான் மக்கா இருக்கறது பரம்பரைச் சொத்து. கணக்கு டீச்சர்கிட்ட சொல்லிடுங்கப்பா" என்றேன். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

ஒரு சந்தேகம். பரண்மேல் இருந்த என் பழைய பெட்டியைக் காணோம். நடை பழகிய ஷூ, மஞ்சள் கவுன், விழுந்த பற்கள் போட்ட டப்பா, வெட்டிய பின்னல். போன தடவை வந்தபோது நீ எடுத்துப் போனாயா? இல்லையென்றால் நம் வீட்டு எலிக்குக் கவுன் போடும் ஆசை வந்துவிட்டது.

கண்காட்சி திறக்கும் நாளில் வரட்டுமா? வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பேன். முயற்சியாவது செய்வேன்.

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு,
அறுந்த வாலு


மார்ச் 8

என் வாலுக்கு,

பெட்டியை எடுத்துவந்தது நான்தான். கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ திருப்பி ஆயிரம் கேட்பாயே என்று பயம்.

நீளமான மரத்தட்டில் ஈரமண் பரப்பி அதில் உன் சாமான்களை வைத்திருக்கிறேன். ஷூவைத் தேன்மெழுகில் பாதி முக்கினேன். மெழுகு படாத பாதியில் இப்போதே பூஞ்சை. கவுன்மேல் இரும்புத்தூள் தூவித் தண்ணீர் தெளிக்கிறேன், துரு பூப்பூவாக இறங்குகிறது. கண்காட்சி முடிவதற்குள் எது எதுவென்று அடையாளம் தெரியாமல் போய்விடும். ஞாபகமும் அப்படித்தானே போகிறது, கண்ணு. 'மகள்' என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறேன், அடியில் சின்ன எழுத்தில் 'கலப்பு ஊடகம்', பல பொருள்களைக் கலந்து செய்தது என்று.

திறப்பு நாளில் வேண்டாம். கூட்டம் நெரியும், உன்னைக் கவனிக்க முடியாது. எல்லாம் ஓய்ந்ததும் நானே கூப்பிடுகிறேன். பரீட்சைக்குப் படி. படுக்கும் முன் பால் குடி.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்மா


மார்ச் 12

அம்மா,

சரி. திறப்பு நாளில் வரமாட்டேன். நான் சொன்ன சொல் தவறாதவள்.

பால் குடிப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது.

வா
('லு' மக்கிவிட்டது)


மார்ச் 23

கண்ணு,

இவ்வளவு சின்னக் கடிதம் நீ போட்டதே இல்லை. கோபமா?

இங்கே நல்ல வரவேற்பு. தட்டுக்கு முன்னால் வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒரே ஒரு தொல்லை. எவனோ ஒரு தடியன் தன்னுடைய பழைய கேன்வாஸ் ஷூவை உன் குட்டி ஷூவுக்குப் பக்கத்தில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். ஒற்றை ஷூ, இடது கால். அடி தேய்ந்து, கட்டைவிரல் பக்கம் ஓட்டை. நாற்றம் சொல்லி மாளாது. காவலாளி அதுவும் கலைதான் என்று விட்டுவிட்டார். போதாக்குறைக்கு ஒரு விமர்சகர், 'இந்தத் தட்டிலேயே உயிரோடு இருக்கும் ஒரே பொருள்' என்று அதைப் புகழ்ந்து எழுதிவிட்டார். வந்த கோபத்தில் என் கையாலேயே எடுத்துக் குப்பையில் எறிந்தேன்.

பரீட்சை எப்படி எழுதினாய்? பதில் போடு.

அம்மா


மார்ச் 28

மேன்மைதங்கிய கலைஞர் அவர்களுக்குத் தடியன் எழுதிக்கொள்வது.

திறப்பு நாளில்தானே வராதே என்றாய்? நான் வந்தது அதற்கடுத்த சனிக்கிழமை. தோழி வீட்டில் கணக்குப் போடுவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். நீ சாப்பிடப் போயிருந்தாய்.

தட்டுக்கு முன்னால் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

"பாவம், குழந்தை தவறிப்போச்சு போல" என்றார்.

"ஆமாங்க. ரொம்ப வாலாம்."

"அச்சோ. எப்படிம்மா?"

"மூணாங்கிளாஸ் படிக்கறப்ப அவங்கம்மா வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் பிள்ளைய யாரும் சரியா பார்க்கலையாம்."

அவர் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். நான் அழவில்லை. பூஞ்சை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

உன் தட்டில் நான் மூன்றாம் வகுப்போடு முடிந்துபோயிருந்தேன். அதனால்தான் குனிந்து இடது ஷூவைக் கழற்றினேன். அதை யாரும் தண்ணீர் தெளித்து மக்கவைக்கவில்லை. நானே ஓடி ஓடித் தேய்த்தது. திரும்பும்போது நடத்துநர், "இன்னொரு ஷூ எங்கம்மா?" என்றார். "கண்காட்சியில வச்சிருக்காங்க" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று எனக்குள் பந்தயம் கட்டியிருந்தேன். கட்டைவிரல் பக்கம் ஓட்டை, அம்மா. உன் கட்டைவிரல்தான் எனக்கும். எத்தனை ஷூ வாங்கினாலும் முட்டிக்கொண்டு வெளியே வரும் விரல். கையில் எடுத்தும் உனக்குத் தோன்றவில்லை. நான் நடை பழகிய ஷூவுக்குப் பூஞ்சை வளர்க்கிறாய். போன வாரம் போட்டிருந்த ஷூவைக் குப்பையில் எறிகிறாய். அப்புறம் எதற்கு 'மகள்' என்று ஒரு பலகை?

என் பெட்டி எனக்கு வேண்டும். மக்கியது, மக்காதது, எல்லாம்.

இப்படிக்கு,
மக்காத குப்பை


ஏப்ரல் 4

வாலு,

உன் கடிதத்தைப் படித்ததும் பின்பக்கத் தொட்டிக்கு ஓடினேன். வண்டி எப்போதோ வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. காவலாளியிடம் கேட்டேன். "நீங்கதானேம்மா போட்டீங்க" என்றார்.

அந்த ஷூவைத் தூக்கியபோது, 'எவ்வளவு பெரிய கால்' என்று மட்டும்தான் நினைத்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலைப் பார்க்கவில்லை.

செய்த வேலைக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். பெட்டியை உன்னிடம் கேட்காததற்குக் கேட்கிறேன். எறிந்ததற்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

பலகையை எடுத்துவிட்டேன். தட்டில் மிஞ்சியதைத் துடைத்து அனுப்புகிறேன். கூடவே புது ஷூவும். உன் கால் அளவு என்ன? உடனே எழுது.

அம்மா


ஏப்ரல் 9

அம்மா,

பெட்டியை அனுப்பாதே. கோபத்தில் கேட்டேன். அந்தக் கவுன் இப்போது என் முழங்கைக்கு மேல் ஏறாது, மக்கிவிட்டுப் போகட்டும். பலகையையும் திரும்ப மாட்டு. அடியில் ஒரு வரி மட்டும் சேர்: 'மீதிப் பெண் வேறிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.'

அப்பா புது ஷூ வாங்கித்தர வந்தார். மறுத்துவிட்டேன். வலது காலில் ஷூ, இடது காலில் ரப்பர் செருப்பு, இப்படித்தான் பள்ளிக்குப் போகிறேன். விளையாட்டு ஆசிரியர், "என்ன இது கோலம்?" என்றார். "கலப்பு ஊடகம் சார்" என்றேன். வெயிலில் நிறுத்திவிட்டார். நின்றேன். நாளைக்கும் நிற்பேன்.

அளவு கேட்டிருக்கிறாய். எழுதமாட்டேன். அப்பாவிடமும் கேட்காதே, வாயைத் திறக்கக்கூடாதென்று சத்தியம் வாங்கிவிட்டேன். கடைக்காரர் என் காலைப் பலகையில் வைத்து அளப்பார். நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். தபாலில் ஷூ வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

எப்போது வருவதென்பது உன் இஷ்டம். ஆனால் கால் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

உன் மகள்