மலையில் நான் சுமந்த ஆள்

17 ஆகஸ்ட் 2003, ஞாயிறு

இதையெல்லாம் நான் பதினேழு வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன். மோன் பிளான் மலையைச் சுற்றி மனிதர் ஓடத்தான் போகிறார்கள் என்று, 1986இல் அந்த மலையடிவார ஹோட்டலில் கோப்பை கழுவியபடி தலைமைச் சமையல்காரனுக்குப் பிரெஞ்சிலேயே சொன்னேன். அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு நாலு சொல். அது வேறு விஷயம். இப்போது பார் - மூன்று நாடுகள், நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல், ஒரே ஓட்டம். இந்த மாதக் கடைசியில் முதல் தடவையாக வைக்கிறார்கள். அக்காவின் மகள் கீர்த்திகாவும் ஓடுகிறாள்.

"உங்கட கதையைக் கேட்டுத்தான் மாமா பேர் குடுத்தனான்" என்றாள்.

எந்தக் கதை? கால் சுளுக்கிய சிநேகிதன் செபஸ்தியாம்பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு, விசா இல்லாமல், சுவிஸிலிருந்து கணவாய் தாண்டி பிரான்சுக்கு நான் இறங்கிய கதை. இடுப்பளவு பனி.

"போன கலியாணவீட்டில முழங்காலளவெண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று மனைவி செல்வமலர் குசினிக்குள்ளிருந்து கேட்டாள். அவளுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்.

24 ஆகஸ்ட்

கீர்த்திகா லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போனாள். நாள்தோறும் குரோய்டனில் வேலை முடித்து, எட்டு மாதம் ஓடிப் பழகியிருக்கிறாள். "முடிச்சுக் காட்டவேணும் மாமா. அம்மா இன்னும் விசர், பைத்தியக்கார வேலை எண்டுதான் சொல்லுறா." எள்ளுருண்டை கட்டிக் கொடுத்தேன். அங்கே ஓடுகிறவர்கள் எல்லோரும் இனி எள்ளுருண்டைதான் கேட்பார்கள், எழுதி வைக்கிறேன்.

30 ஆகஸ்ட்

அங்கே நல்ல மழையாம். மனோர் பார்க் முருகன் கோவிலில் அவள் பேரில் அர்ச்சனை. சோறு இறங்கவில்லை.

1 செப்டம்பர்

அவள் முடிக்கவில்லை.

எழுநூறு பேரளவில் வெளிக்கிட்டு, அறுபத்தேழு பேர்தான் முடித்தார்களாம். ஆனால் கீர்த்திகாவை நிறுத்தியது மழையல்ல. இத்தாலிப் பக்கக் கணவாயில் ஒரு ஸ்பானியப் பெண் கால் சுளுக்கி இருந்திருக்கிறாள். இவள் அவளைத் தோளில் தாங்கி இறக்கிக்கொண்டு வர, ஓட்டத்துக்குக் குறித்த நேரம் முடிந்துவிட்டது.

"எனக்குக் கால் நல்லாத்தான் இருந்தது மாமா. ஓடி முடிச்சிருப்பன். ஆனா நீங்கள் செபஸ்தியாம்பிள்ளை அங்கிளை விட்டிட்டு வரேல்லைத்தானே."

எட்டு மாதம். என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறன் நான்?

2 செப்டம்பர்

காய்ச்சல் என்று லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

செபஸ்தியாம்பிள்ளை பாரிசிலிருந்து வந்து நிற்கிறான். கீர்த்திகாவும் சாப்பிட வந்தாள். நான் பயந்தது போலவே கேட்டாள்: "அங்கிள், மாமா உங்களை எவ்வளவு தூரம் தூக்கினவர்?"

நான் சொதிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இடியப்பத்தை மெதுவாகப் பிய்த்தான்.

"ஏழு கிலோமீற்றர் இருக்கும் பிள்ளை. ஒருக்காலும் இறக்கி வைக்கேல்லை. நீ செய்ததும் அதுதான்."

அவள் முகம் வெளித்தது. அவள் போனபின் கேட்டேன், ஏன்ரா பொய் சொன்னனி என்று.

"தூரம் பொய்யில்லை ஞானேஸ்வரன். இறக்கி வைக்காததும் பொய்யில்லை. ஆளை மட்டும் மாத்தினனான். நீ பதினேழு வருசமா மாத்தினதைத்தானே."

எத்தனை கலியாணவீடுகளில் பக்கத்திலேயே இருந்து இந்தக் கதைக்குத் தலையாட்டியிருக்கிறான். இப்படி ஒருவன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

15 செப்டம்பர்

கீர்த்திகாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். கால் சுளுக்கியது எனக்கு. சுமந்தது அவன்.

"அப்ப நான் இறக்கிக்கொண்டு வந்தது உங்களைத்தான் எண்டு நினைக்கிறன், மாமா" என்றாள். அடுத்த வருடமும் பேர் கொடுக்கப் போகிறாளாம்.

"பனியெண்டாலும் இடுப்பளவோ?"

"கணுக்காலளவு" என்றேன்.

நாங்கள் கணவாய் தாண்டியது ஆகஸ்ட் மாதம். பனியே இல்லை.