கடலுக்குள்ளை கிடந்த கொடிகாமத்து வாய்க்கால்

அன்புள்ள அம்மா,

முழங்கால் நோ குறைஞ்சுதோ? எண்ணெய் பூசுறியளோ? நான் சுகம். கொழும்புக் கடைச் சோறு மட்டும்தான் இறங்குதில்லை.

எங்கடை ஒழுங்கையாலை வெள்ள வாய்க்கால் வெட்டப் போகினமெல்லே, அந்த வரைபடம் நான் வேலை செய்யிற கந்தோருக்குத்தான் வந்தது. கொம்பியூட்டரிலை இலங்கைப் படத்துக்கு மேலை வைச்சால், வாய்க்கால் கன்னியாகுமரிக்கும் தெற்கே நடுக்கடலிலை கிடக்குது. படம் கீறினவன், இடத்தை எண்ணாலை குறிக்கிற பழைய ஆள்கூற்று முறையிலை கீறியிருக்கிறான், எங்கடை படம் புது முறை. தேத்தண்ணி ஆற முந்தி கணக்குப் போட்டு மாத்திற வேலை.

எங்கடை பெரிய எஞ்சினியருக்கு அதுக்கும் பொறுமையில்லை. வெளிநாட்டிலை படிச்ச மூளையெல்லே! நாய்க்குட்டியை இழுக்கிற மாதிரி, மவுசாலை கடலிலையிருந்து இழுத்து வந்து, கொஞ்சம் திருப்பி, சந்தையடியிலை விட்டார். "பாரும், பொருந்துது" எண்டார். சந்தையடியிலை பொருந்துது. அங்காலை போகப் போக விலகி, எங்கடை கிணத்துக்குள்ளாலை போகுது. சொன்னன். "உம்மடை கிணறு எண்டதாலை கதைக்கிறீர்" எண்டு சிரிச்சுப்போட்டு, கையெழுத்து வைச்சு அனுப்பிப்போட்டார். உந்த வடிவுக்குக் கழுத்திலை ஒரு ரை வேறை கட்டியிருக்கிறார்.

நீங்கள் பயப்படாதேங்கோ, மேலிடத்துக்கு எழுதிப்போட்டன். வாய்க்காலுக்கு அடையாளக் கட்டை அடிக்க வந்தால் சண்டை பிடிக்காமல், தங்கச்சி பிரசாந்தியைக் கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. கட்டையை மட்டும் எடுத்தால் உயரம் விளங்காது, பக்கத்திலை நீங்களும் நில்லுங்கோ.

எஞ்சினியர் அந்தாள் வருது, முடிக்கிறன். முகம் தெரியிற மாதிரி நில்லுங்கோ, அம்மா.

மயூரதன்