ஃபிரிட்ஜில் ஒட்டிய கடிதங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பள்ளிக்கூட நேரத்தில், பட்டப்பகலில், கூட்டாளிகள் நாலு பேர் போன் கடைக்குள் பின்கதவு வழியாகப் புகுந்திருக்கிறார்கள், இவன் வெளியே காவல். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவன் காவலுக்கு நின்றானாம்! கடையில் வேலை பார்க்கும் பெண்ணை அவர்கள் தள்ளிவிட்டதில் பாவம் அவளுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது. அந்த நாலு பேரும் நம் வீட்டில் என் கையால் சாப்பிட்டவர்கள், நம்மைப் போல இந்த நாட்டுக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். வந்த புதிதில் பாஷை தெரியாமல் பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு ஒருவழியாகத் துணை கிடைத்ததே என்று நான்தான் விழுந்து விழுந்து கவனித்தேன். அப்பா "பன்னியோட சேர்ந்த கன்னு" என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஏன்டா போனாய் என்று கேட்டால், "அவங்கதாம்மா என்கிட்ட முதல்ல பேசினாங்க" என்கிறான்.

இதைவிடப் பெரிய இடி கேள். நீ இருந்தவரை இந்த நாட்டுப் பாஷையில் வீட்டுக்கு வரும் கடிதங்களை நீதான் வாசித்துச் சொல்வாய், நீ போன பிறகு அது தம்பி வேலையானது. பள்ளியிலிருந்து நாலு கடிதம் வந்தது. நன்றாகப் படிக்கிறேன் என்று பாராட்டியிருக்கிறார்கள் என்றான், நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பிரதியை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். உன்னிடம்கூடப் பெருமையடித்தேனே! என்னோடு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள் ஆறுதல் சொல்ல வந்தவள், அதை வாசித்துவிட்டு, "அக்கா, இதையா ஒட்டி வச்சிருக்கீங்க?" என்றாள். நாலும் எச்சரிக்கையாம். வகுப்புக்கு வருவதில்லை, கூட்டாளிகள் சரியில்லை, பெற்றோர் நேரில் வரவும் என்று.

விசாரணை வரை அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்று நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சலவைக்கூடத்தவளிடம் கொடுத்திருக்கலாம், ஆனால் அவனிடமே நீட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தான். அடுத்த திங்கட்கிழமை விசாரணையாம், "ஆறு மாசம் சிறுவர் இல்லத்துல வைக்கலாம்னு போட்டிருக்கும்மா" என்றான். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், வாசித்துப் பார். பெற்றவள் இப்படியும் வேண்டிக்கொள்வேன் என்று நினைத்ததில்லை, இந்த ஒரு தடவையாவது அவன் சொன்னபடியே அதில் இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. வாசித்ததும் போன் செய், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
என்னவென்று தெரியாமலே நாலு முறை கையெழுத்துப் போட்ட
உன் அம்மா